பங்குக் கிணறு மாதிரி ஒரு விமானம்: ஃபிளையிங் கிளப்பில் ஒன்றரை வருடம்

லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வருடம் வாடகை விமானத்தில்தான் பறந்துகொண்டிருந்தேன். இருப்பது கலிஃபோர்னியா பே ஏரியாவில். வீட்டிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்துக்குள் நான்கைந்து சின்ன விமான நிலையங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் செஸ்னா 172 என்கிற நாலு சீட் விமானம் வாடகைக்குக் கிடைக்கும். அவர்களுடைய இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு செக்-அவுட் (அவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுவது), நாலு கையெழுத்து, கார்டு நம்பர், அவ்வளவுதான், சாவி கைக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டு 3,000 டாலர் கட்டி ஒரு ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. லாபமா நஷ்டமா என்று வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதுகிறேன். கிளப் பெயரும் போடவில்லை, முன்பு எடுத்த வாடகைக் கடையின் பெயரும் போடவில்லை. இரண்டையும் திட்டப் போகிறேன், இரண்டு இடத்திலும் இன்னும் போய் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் கிளப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் மாமாவிடம் போனில் சொன்னபோது, "இந்த வயசுல பைலட் வேலைக்காடா போற?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. இந்தியாவில் ஃபிளையிங் கிளப் என்றால் பயிற்சிப் பள்ளி என்றே ஆகிவிட்டது, கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் சேர்க்க வருகிற பிள்ளைகளின் இடம். ஆரம்ப காலத்தில் ஆசைக்காகப் பறக்க வந்தவர்களும் அங்கேதான் சேர்ந்தார்கள். 1929 பிப்ரவரியில் நம்பர் 1 லைசென்ஸை வாங்கிய ஜே.ஆர்.டி. டாடா கற்றுக்கொண்டது பம்பாய் ஃபிளையிங் கிளப்பில்தான். இங்கே நான் சேர்ந்திருப்பது அந்தப் பழைய அர்த்தத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். 28 பேர், இரண்டு விமானம் (ஒரு செஸ்னா 172, ஒரு பைப்பர் ஆர்ச்சர்), எல்லோருக்கும் சம பங்கு. மாதச் சந்தா உண்டு, ஓட்டுகிற மணிக்கு ஏற்பத் தனிக் காசு உண்டு, யார் எப்போது எடுக்கிறார்கள் என்பதைப் போனில் ஓர் ஆப்பில் பதிவு செய்ய வேண்டும். மாமாவுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்து, "நம்ம பங்குக் கிணறு மாதிரி மாமா, முறை வெச்சு இறைக்கிறோம்" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப சண்டையும் இருக்குமே" என்றார். இருக்கிறது. வருகிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பெயரில் கிளப் என்று இருப்பதெல்லாம் கிளப் இல்லை. இந்தப் பக்கம் பாதி வாடகைக் கடைகள் மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு "மெம்பர் ரேட்" என்று போட்டுத் தங்களைக் கிளப் என்று சொல்லிக்கொள்கின்றன. விமானம் வேறு யாருடையதோ, லாபம் வேறு யாருக்கோ. அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விமான நிலைய விதிப்படி ஃபிளையிங் கிளப் என்று ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால் அது லாப நோக்கம் இல்லாமல் நடக்க வேண்டும், தன்னைப் பயிற்சிப் பள்ளி என்று விளம்பரம் செய்யக் கூடாது, வெளியாளுக்கு விமானத்தைக் காசுக்கு விடக் கூடாது. அதனால் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "விமானம் யார் பெயரில் இருக்கிறது?" பதில் சுற்றி வளைத்து வந்தால் அது வாடகைக் கடை. வாடகைக் கடையில் தவறொன்றும் இல்லை, ஆனால் அதற்கு ஏன் மாதச் சந்தா கட்ட வேண்டும்?

சரி, காசு.

வாடகைக் கடையில் 172-க்கு மணிக்கு 185 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தேன், பெட்ரோல் அதிலேயே அடக்கம். கிளப்பில் மாதம் 140, மணிக்கு 125, பெட்ரோல் இதிலும் அடக்கம். மேலாகப் பார்த்தால் வித்தியாசம் 60 டாலர்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன், சேர்ந்த பிறகுதான் "மணி" என்பதிலேயே இரண்டு மணி இருக்கிறது என்று உறைத்தது. வாடகைக் கடை ஹாப்ஸ் மீட்டரில் கணக்குப் பார்க்கும். எஞ்சினில் ஆயில் அழுத்தம் ஏறியதும் ஓட ஆரம்பிக்கிற கடிகாரம் அது, நீங்கள் ரன்வேக்குப் போகிற டாக்ஸிவேயில் முன்னால் நிற்கிற மூன்று விமானத்துக்குப் பின்னால் சும்மா நின்றாலும் ஓடும். கிளப் டாக் மீட்டரில் (டாக்கோமீட்டர்) பார்க்கும். அது எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தது. மேலே போய் க்ரூஸில், அதாவது ஒரே சீரான வேகத்தில், ஓடும்போது ஏறக்குறைய நிஜ மணி காட்டும், தரையில் 1,000 ஆர்.பி.எம்.மில் நிற்கும்போது பாதி வேகத்தில்கூட ஓடாது. என் முதல் 12 மாதத்தில் ஹாப்ஸ் 46 மணி, டாக் 38.5. அதாவது கிளப்பின் 125 என்பது வாடகைக் கடை மணியில் சொன்னால் 105-க்குப் பக்கம்.

இதில் காசைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஹாப்ஸில் 185 என்றால் நிமிஷத்துக்கு மூன்று டாலர். புறப்படும் முன் எஞ்சினைச் சோதிக்கிற ரன்-அப் இடத்தில் நின்று மேக்னட்டோ பார்க்கிறோம், கார்ப் ஹீட் பார்க்கிறோம், ரேடியோவில் அலைவரிசை மாற்றுகிறோம், அந்த நேரமெல்லாம் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏதோ ஒன்று மனசுக்குள் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் செக்லிஸ்ட்டை அவசரமாக ஓட்டியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். டாக்குக்கு மாறிய பிறகு அந்தப் பரபரப்பு போய்விட்டது. சந்தேகமாக ஏதாவது பட்டால் ஐந்து நிமிஷம் நின்று யோசிக்கிறேன். எந்தக் கிளப் விளம்பரத்திலும் இதைப் பார்த்ததில்லை.

முதல் வருடக் கணக்கு இப்படி: சந்தா 1,680, பறந்த காசு 4,812, நடுவில் தலைக்கு 450 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள் (அந்தக் கதை பின்னால்), மொத்தம் 6,942. அதே 46 மணியை வாடகைக்குப் பறந்திருந்தால் 8,510. ஆக மிச்சம் 1,568 டாலர். பங்குக்குக் கட்டிய 3,000 இதில் சேராது, விலகும்போது புதிதாக வருகிறவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். சந்தாவை ஈடுகட்ட மாதம் ஒன்றே முக்கால் மணி பறந்தால் போதும், பாதுகாப்பாக இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பெருமையாக மனைவியிடம் காட்டினேன். அவள் ஒரே ஒரு வரியைத்தான் பார்த்தாள். "வாடகைக்கு எடுத்தப்ப வருஷத்துக்கு எத்தனை மணி பறந்தீங்க?" 24. "அப்ப எவ்வளவு ஆச்சு?" 4,440. "இப்ப 6,942. மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சே நம்ம சொத்து கரையுது." பதில் இல்லை. கிளப்பில் சேர்ந்தால் மணிக்கு ஆகும் செலவு குறையும், மொத்தச் செலவு கூடும், ஏனென்றால் நீங்கள் அதிகம் பறப்பீர்கள். சந்தா கட்டியாச்சே என்று தோன்றும். ஜிம்முக்கு நேர் எதிர்.

ஆனால் அதே மனைவி கிளப்புக்கு ஆதரவாகப் பேசிய ஒரு நாளும் உண்டு, ஓஷியானோ போய் வந்த பிறகு. ஓஷியானோ தெற்கே கடலோரம் இருக்கிற ஒரு குட்டி விமான நிலையம், ரன்வே 2,325 அடிதான், இறங்கி விமானத்தைக் கயிற்றில் கட்டிவிட்டு நடந்தே கடற்கரைக்குப் போய்விடலாம். எங்கள் இடத்திலிருந்து 165 நாட்டிகல் மைல் போல, ஒன்றே முக்கால் மணிக்குள் போய்விடலாம், காரில் என்றால் நாலு மணி நேரமும் அதற்கு மேலும். வெள்ளி போய் ஞாயிறு திரும்பினோம், போக வர ஹாப்ஸ் 3.4, டாக் 3.0, பில் 375 டாலர். இதையே வாடகைக் கடையில் எடுத்தால் தினசரிக் குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கிறது. விமானம் அவர்கள் கையில் இல்லாத நாளுக்கு நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் காசு. நான் எடுத்த கடையில் வார நாளுக்கு இரண்டு மணி, சனி ஞாயிறுக்கு மூன்று மூன்று. எட்டு மணி, 1,480 டாலர். மணல் மேல் படுத்துக்கிடந்த சனிக்கிழமைக்கு மட்டும் 555!

இன்னொன்று, ஞாயிறு காலை எழுந்தால் கடல் பக்கமிருந்து வந்த மூடுபனி ரன்வேயை முழுசாக விழுங்கியிருந்தது. அந்தக் கரையில் கோடையில் இது சகஜம், பத்து பதினோரு மணி வரைக்கும்கூடக் கலையாது. வாடகை என்றால் மதியம் ஒரு மணிக்கு அடுத்த ஆள் காத்திருப்பான் என்ற நினைப்பு வயிற்றைப் பிசையும். அந்த நினைப்பில்தான் ஆட்கள் போகக் கூடாத வானிலையில் கிளம்புகிறார்கள். நான் கிளப் ஆப்பில் "பனி, மதியம் ஆகும்" என்று போட்டேன், எனக்கு அடுத்து பதிந்திருந்தவர் "அவசரமில்லை, நான் ஆர்ச்சரை எடுத்துக்கொள்கிறேன்" என்று பதில் போட்டார். நாங்கள் இன்னொரு ரவுண்டு காபி குடித்தோம்.

வாடகைக் கடையின் நல்லதையும் சொல்ல வேண்டும். எட்டு விமானங்கள் வைத்திருந்தார்கள், ஒன்று கெட்டால் இன்னொன்று. புதிய 172எஸ், கண்ணாடித் திரை கருவிகளோடு, சீட் கிழியாமல், ரேடியோ இரண்டும் வேலை செய்கிற நிலையில். டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்குப் போனால் ஒரு பைசா கிடையாது. கிளப்பில் நான் திருச்சியில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் 140 டாலர் போய்க்கொண்டிருந்தது. வாடகைக் கடையில் பிடிக்காதது, 60 நாள் பறக்காவிட்டால் மறுபடியும் இன்ஸ்ட்ரக்டரோடு செக்-அவுட், அதற்கு இருநூறு முந்நூறு. எஃப்.ஏ.ஏ. விதி கேட்பது ஆட்களை ஏற்றிக்கொள்ள 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங், அவ்வளவுதான். அப்புறம் அந்த விமானத்துக்கு என்ன உடம்பு என்று வாடகைக்காரனுக்குத் தெரியவே தெரியாது. "ஏதோ அதிர்வு இருந்ததே, பார்த்தீர்களா?" என்று ஒருமுறை கேட்டதற்கு கவுன்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்து "சரி செய்ததாகப் போட்டிருக்கிறது" என்றான். என்ன சரி செய்தார்கள்? அவனுக்கும் தெரியாது.

கிளப்பில் தெரியும், வேண்டிய அளவுக்கு மேலேயே தெரியும். அந்த 450 டாலர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் 172 பழசு. 172என் மாடல், 1977-லிருந்து 1980 வரை வந்த வகை. அதில் இருப்பது லைகமிங் கம்பெனியின் ஓ-320-ஹெச்2ஏடி எஞ்சின், 160 குதிரைத்திறன். இந்த எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் இப்போதே உச்சுக் கொட்டுவார்கள். வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டும் அது தள்ளுகிற டாப்பெட்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதற்குப் பேர் போனது, அதற்கென்றே ஆயிலில் ஒரு மருந்து கலக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. லைகமிங்கில் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் மேல் பக்கம் உட்கார்ந்திருக்கும். விமானம் சும்மா நின்றால் ஆயில் எல்லாம் கீழே வடிந்துவிடும், கேம் காய்ந்து ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். அடுத்து ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துருவே அரம். அதனால் இந்த எஞ்சினைக் கெடுக்கச் சுலபமான வழி ஓட்டாமல் வைத்திருப்பது.

அந்தக் குளிர்காலம் மழையும் தாழ்ந்த மேகமுமாகப் போனது, ஐந்து வாரம் யாரும் 172-ஐத் தொடவில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆயில் மாற்றும் முறை எங்கள் நாலு பேருக்கு வந்தது. ஏர்லைனில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் உறுப்பினர், அவர்தான் மேற்பார்வை. பழைய ஃபில்டரைக் கழற்றி அப்படியே குப்பையில் போடக் கூடாது, டின் ஓப்பனர் மாதிரி ஒரு கருவியால் தகர உறையை வெட்டி உள்ளே இருக்கும் காகிதத்தை வெளியே எடுக்க வேண்டும். புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், கறுத்த எண்ணெயில் ஊறி. அதைக் கத்தியால் அறுத்து, பிழிந்து, வெள்ளைத் துணி மேல் நீளமாக விரித்து, டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்ப்பது. மூன்றாவது மடிப்பில் ஜிகினா தூவிய மாதிரி மினுக்கியது. பெரியவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே தடவினார். மினுக்கியதெல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு முள் முள்ளாக நின்றது. அலுமினியம் என்றால் ஒட்டாது, ஒட்டினால் இரும்பு. "கேம்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது. இந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 2,000 மணி, எங்களுடையது 1,600-இல் படுத்துவிட்டது. கழற்றி, அனுப்பி, திரும்ப மாட்டி எல்லாம் சேர்ந்து 38,200 டாலர். மணிக்கு 16 டாலர் என்று எஞ்சின் நிதியில் ஒதுக்கியிருந்தார்கள், 25,600 சேர்ந்திருந்தது, மீதியை 28 பேரும் தலைக்கு 450. சிறுவயதில் பங்குக் கிணற்றில் மோட்டார் காயில் கருகினால் அப்பா சொன்னது நினைவு வந்தது, தண்ணீர் இறைக்காதவனும் காயில் கட்டக் காசு கொடுக்கணும். எனக்குக் கோபம் 450 மேல் இல்லை. முழு 2,000 மணி ஓடியிருந்தாலும் அந்த நிதியில் 32,000-தானே இருந்திருக்கும்? ஓவர்ஹால் விலை ஏறிக்கொண்டே போனபோது 16 டாலரை யாரும் மாற்றவில்லை, ஏனென்றால் மாற்றினால் மணிக் கட்டணம் ஏறும், கட்டணத்தை ஏற்றுகிற பொருளாளருக்கு அடுத்த வருடம் ஓட்டு விழாது. நான் சேரும்போது இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சீட் கவர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

மூன்று மாதம் 172 மூக்கில்லாமல் நின்றது. 28 பேரும் ஒரே ஒரு பைப்பர் ஆர்ச்சர் மேல் விழுந்தோம், சனிக்கிழமை காலை கிடைப்பது தத்கல் டிக்கெட் மாதிரி ஆனது, சந்தா மட்டும் தவறாமல் போனது. வாடகைக் கடையில் இருந்திருந்தால் இதெல்லாம் எனக்குத் தெரியக்கூட வந்திருக்காது, பக்கத்து விமானத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அந்த மூன்று மாதமும் கிளப்புக்கு ஐந்துக்கு ஒன்றரை மார்க்தான்.

எஞ்சின் மாட்டி வந்த அன்று என் அம்மா இங்கே இருந்தார். புது எஞ்சின் என்றால் புது வண்டிதானே, எலுமிச்சம்பழம் வைக்காமல் எப்படி என்றார். நான் எவ்வளவோ தட்டிக்கழித்துப் பார்த்தேன். கடைசியில் மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பக்கச் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, எஞ்சின் மூடிமேல் ஒரு சின்னக் குங்குமப் பொட்டு. பெரியவர் புரொப்பெல்லர் பக்கம் அம்மா போகாதபடி நடுவில் நின்றுகொண்டு, மிகவும் கவனமாக, இது எந்த வகை இன்ஸ்பெக்ஷன் என்று கேட்டார். கையால் இழுத்துப் பழத்தின் மேல் ஏற்றினோம். புது எஞ்சினை முதல் சில மணி நேரம் அதிக பவரில் ஒரே சீராக ஓட்ட வேண்டும், ஏறி இறங்கிப் பழகக் கூடாது, அதனால் முதல் இரண்டு மணி நேரம் பெரியவர் விமான நிலையத்தின் மேலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தார், அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்து கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி மாமா சொன்ன சண்டை. பெரிய சண்டைகள் கிடையாது, எல்லாம் சில்லறை. ஆயில் நாலு குவார்ட்டில் நிற்கும், அதற்குக் கீழே ஓட்டவே கூடாது என்று புத்தகம் சொல்கிற அளவு, கடைசியாக ஓட்டியவர் ஊற்றாமல் போயிருப்பார். டேங்க் காலி. முன் கண்ணாடியில் பூச்சிகள் ஒட்டிக் காய்ந்திருக்கும். மாதக் கூட்டத்தில் விமானம் கழுவ எந்த சோப்பு என்று முக்கால் மணி நேரம் விவாதம் நடந்து, வாக்கெடுப்பு வரை போய், ஒத்திவைக்கப்பட்டது. (இன்னும் ஒத்திவைத்தபடிதான் இருக்கிறது.) இரண்டாவது ரேடியோவில் குரல் போகவில்லை என்பது ஒன்பது மாதப் புகார். சனிக்கிழமைகளை ஆறு வாரம் முன்பே வளைத்துப் போட்டுவிட்டு வெள்ளி ராத்திரி ரத்து செய்கிற புண்ணியவான்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அபராதம் என்று நான் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. மூன்று பேரும் பழைய உறுப்பினர்கள்.

ஆனால் ஒரு காலை ப்ரீஃப்ளைட் (பறக்கும் முன் செய்யும் சோதனை) பார்க்கும்போது இடது டயரில் ஒரு இடம் தேய்ந்து தட்டையாகி உள்நூல் தெரிந்தது. யாரோ இறங்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருவர், "நேற்று மாலை நான்தான், குறுகிய ரன்வே, பயந்துவிட்டேன். இறங்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. டயர் என் செலவு" என்று எழுதினார். வாடகைக் கடையில் மூன்று வருடத்தில் இப்படி ஒரு வரி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, தேய்ந்தது அடுத்தவன் தலையில். அன்று மதியம் அவரும் நானுமாக ஜாக்கி வைத்துத் தூக்கி டயரை மாற்றினோம். சொந்த விமானத்தில் டயர், ஆயில் மாதிரி வேலைகளைப் பைலட்டே செய்து லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாம், விதி அனுமதிக்கிறது. டயர் மாற்றத் தெரிந்தது என்பதைவிட, சக்கரத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் லேண்டிங்கில் என் கால் பிரேக்கில் தானாக லேசாகிவிட்டது.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. வாடகைக் கடையின் பாலிசி கடையைக் காப்பாற்றத்தான். நீங்கள் விமானத்தை உடைத்தால் கழிவுத் தொகை (இன்சூரன்ஸ் கொடுக்காத முதல் பகுதி) உங்கள் தலையில், இன்சூரன்ஸ் கம்பெனி கடைக்குக் கொடுத்ததை உங்களிடம் வசூலிக்க வரவும் வாய்ப்பு உண்டு, அதனால் தனியாக வாடகைதாரர் பாலிசி ஒன்று எடுத்து வைத்திருந்தேன். கிளப் பாலிசியில் உறுப்பினர்கள் எல்லோரும் காப்பீடு பெற்றவர்கள் பட்டியலிலேயே வருகிறோம், கழிவு 1,000 டாலர். எல்லாக் கிளப்பிலும் இப்படி இருக்கும் என்று நினைக்காதீர்கள், பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அப்புறம் நம் ஆட்கள் எல்லோரும் கேட்கிற ஒன்று. "மச்சான், லிவர்மோர் கோயிலை மேலேர்ந்து காட்டு, உன் செலவு மொத்தமும் நாங்க தர்றோம்." வாடகையோ கிளப்போ, பிரைவேட் லைசென்ஸில் இது கூடாது. நாலு பேர் போனால் என் கால் பங்கை நான்தான் கொடுத்தாக வேண்டும், மீதியைத்தான் அவர்கள் பகிரலாம். மொத்தத்தையும் வாங்கினால் அது டாக்ஸி, லைசென்ஸ் போய்விடும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் கார் போதும் என்று விடுகிறார்கள், அதுவும் நல்லதுதான், நாலு பெரிய ஆட்களையும் முழு டேங்கையும் 172 தூக்காது.

ஆக யார் சேரலாம்? மாதம் இரண்டு மணிக்கு மேல் நிச்சயம் பறப்பவர், குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் பயணம் போகிறவர், கையில் கொஞ்சம் கிரீஸ் பட்டால் சங்கடப்படாதவர் சேரலாம். வருடத்தில் இரண்டு மாதம் ஊரில் இருப்பவர், வானிலை நன்றாக இருக்கும் ஞாயிறு காலை மட்டும் பறக்க ஆசைப்படுகிறவர், கூட்டம் என்றாலே கொட்டாவி வருகிறவர் வாடகைக்கே எடுங்கள், கூச்சமே வேண்டாம். எங்கள் கிளப்புக்கு இன்றைய தேதியில் ஐந்துக்கு நாலு. வாடகைக் கடைக்கு மூன்றரை, அவர்கள் காபி மெஷினுக்காகக் கால் மார்க் சேர்த்து.

சேரும் முன் நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்: எஞ்சினில் எத்தனை மணி ஓடியிருக்கிறது, நிதியில் எவ்வளவு இருக்கிறது, இன்றைக்கு ஓவர்ஹால் விலை என்ன. கடைசி இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆப்பில் போன மாத சனிக்கிழமைகளைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி ஆயில் ஃபில்டரை யார் வெட்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர் உடனே வர வேண்டும்.

எஞ்சின் விவகாரத்துக்குப் பிறகு எங்களிடம் ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. மணிக்கு 16 என்பது 22 ஆனது, அந்தப் பொருளாளருக்கு அடுத்த முறையும் ஓட்டு விழுந்தது. பத்து நாள் யாரும் எடுக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்து இருப்பவர் விமானத்தை ஒரு மணி நேரம் மேலே கொண்டுபோய் ஆயிலை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுவர வேண்டும், தரையில் ஸ்டார்ட் செய்து அணைத்தால் கணக்கில் வராது. அந்த ஒரு மணிக்குப் பாதிக் கட்டணம்தான். இந்த வாரம் என் முறை. வியாழன் மழை என்கிறார்கள், வெள்ளி காலை மேகம் 3,000 அடிக்கு மேலே போனால் கிளம்பலாம்.